தண்டனைக்கு ஓர் அளவு, ஓர் எல்லை: சிறையும் அபராதமும் பற்றிய ஒரு சட்ட வரலாற்று நோக்கு

நாளிதழ்களில் நீதிமன்றச் செய்திகளை வாசிப்போருக்கு ஒரு வாக்கிய அமைப்பு நன்கு பழகிப் போயிருக்கும். குற்றவாளிக்கு இத்தனை ஆண்டு சிறை, இத்தனை ரூபாய் அபராதம், அபராதத்தைக் கட்டத் தவறினால் மேலும் இத்தனை மாதம் சிறை என்று தீர்ப்பளிக்கப்பட்டதாக அச்செய்தி முடியும். மூன்று உறுப்புக்களைக் கொண்ட இவ்வாக்கியத்தை நாம் ஒரு நொடியில் படித்துவிட்டுக் கடந்து செல்கின்றோம். ஆயினும் அதன் மூன்றாவது உறுப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பணம் படைத்தவனுக்கு அது தீர்ப்பில் உள்ள ஒரு வரி மட்டுமே. ஏழைக்கோ அதுவே சிறைக்கதவு. ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு. ஆனால் ஒருவன் மாலையில் வீடு திரும்புகின்றான், மற்றவன் மாதக்கணக்கில் உள்ளே இருக்கின்றான்.

ஒரு தண்டனை சட்டபூர்வமானதாக அமைய வேண்டுமெனில் அதற்கென ஒரு வடிவம் வேண்டும். அதனை விதிப்பவர் யார், எக்குற்றத்திற்காக விதிக்கின்றார், எவ்வளவு விதிக்கின்றார், அது எப்போது முடிவடைகின்றது ஆகிய நான்கு வினாக்களுக்கும் தீர்ப்பிலேயே விடை இருத்தல் வேண்டும். இவற்றுள் நான்காவது வினாவே பெரிதும் மறக்கப்பட்டு வந்துள்ளது. சிறை, அபராதம் ஆகிய இரு தண்டனைகளையும் இஸ்லாமிய சட்ட அறிஞர்கள் எவ்வாறு நோக்கினர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் அச்சட்டம் எவ்வாறு மாற்றமுற்றது, 1860இன் தண்டனைச் சட்டம் அவற்றுக்கு எத்தகைய வடிவம் கொடுத்தது என்பவற்றை இந்நான்கு வினாக்களின் ஒளியில் நாம் இங்கு நோக்குவோம்.

தண்டனையின் மூன்று வகைகள்

பிக்ஹ் நூல்கள் குற்றத் தண்டனைகளை மூன்றாக வகுக்கின்றன. அல்குர்ஆனிலோ ஸுன்னாவிலோ அளவு வரையறுக்கப்பட்ட தண்டனைகள் ஹுதூத் எனப்படும். கொலைக்கும் காயத்திற்கும் ஈடாக அமையும் கிஸாஸும், அதற்குப் பகரமாக வழங்கப்படும் தியத் எனும் இரத்த ஈட்டுத்தொகையும் இரண்டாவது வகை. எஞ்சியவை அனைத்தும் தஃஸீர் எனும் மூன்றாவது வகையைச் சாரும். தஃஸீரில் தண்டனையின் அளவு நீதிபதியின் அல்லது ஆட்சியாளரின் தீர்மானத்திற்கு விடப்பட்டுள்ளது.

ஹுதூத் பற்றியே நம் காலத்தில் அதிகம் பேசப்படுகின்றது. ஆனால் அவற்றை நிறைவேற்றுவதற்குரிய நிபந்தனைகள் மிகக் கடுமையானவை. சந்தேகம் எழும் இடத்தில் அவற்றைத் தவிர்க்குமாறு சட்ட அறிஞர்கள் வலியுறுத்தினர். ஆகவே காழிகளின் அன்றாட நடைமுறையில் பெரும்பங்கு வகித்தது தஃஸீரேயாகும். சிறையும் அபராதமும் இப்பரப்பிலேயே இடம்பெறுகின்றன. வரையறுக்கப்படாத பரப்பு என்பதால், அதிகாரம் கட்டுமீறிச் செல்லக்கூடிய இடமும் இதுவே. முற்கால அறிஞர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்.

சிறையின் தோற்றம்

நபி (ஸல்) அவர்களது காலத்தில் சிறைக்கென ஒரு கட்டடம் இருக்கவில்லை. பனூ ஹனீபா குலத்தலைவரான துமாமா இப்னு உதால் பிடித்துக் கொண்டுவரப்பட்டபோது மஸ்ஜிதுந் நபவியின் தூண் ஒன்றில் கட்டப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டு, இஸ்லாத்தை ஏற்றார். சந்தேகத்தின் பேரில் ஒருவரைச் சிறிது காலம் தடுத்துவைத்துப் பின் நபியவர்கள் விடுவித்தமையும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

உமர் (ரழி) அவர்களது ஆட்சியில் நிலைமை மாறியது. மக்காவில் அவர்களது பிரதிநிதியாக இருந்த நாபிஃ இப்னு அப்தில் ஹாரித், ஸப்வான் இப்னு உமய்யாவிடமிருந்து ஒரு வீட்டை 4,000 திர்ஹத்திற்குச் சிறைக்கென வாங்கினார். கலீபா இணங்கினால் மட்டுமே அவ்விற்பனை செல்லும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. கூபாவில் அலீ (ரழி) அவர்கள் நாணலால் ஒரு சிறையை அமைத்தார்கள். ‘நாபிஃ’ எனும் பெயருடைய அதனைத் துளைத்துக் கைதிகள் தப்பிச் சென்றமையால், களிமண்ணால் ‘முகய்யிஸ்’ எனும் மற்றொன்றைக் கட்டினார்கள் என்று ஹனபி நூல்கள் கூறுகின்றன.

எனினும் சட்ட அறிஞர்கள் சிறை என்பதைக் கட்டடத்தைக் கொண்டு வரைவிலக்கணப்படுத்தவில்லை. இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் தமது ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’ நூலில், ஒருவர் தம் விருப்பப்படி செயற்படுவதைத் தடுத்து நிறுத்துவதே சட்டத்தின் பார்வையில் தடுத்துவைத்தல் என்று விளக்குகின்றார். அது ஒரு வீட்டிலோ பள்ளிவாசலிலோ நிகழலாம். வழக்காளி அவரை விட்டு நீங்காமல் உடன் செல்வதாகவும் அமையலாம். நெருக்கடியான இருட்டறை அதன் இன்றியமையாத அம்சமன்று. நடமாட்ட உரிமை மட்டுமே பறிக்கப்படுகின்றது. பிற உரிமைகள் கைதியுடனேயே இருக்கின்றன என்பதே இவ்வரைவிலக்கணத்திலிருந்து பெறப்படும் முடிவு.

அபூ யூஸுபின் அறிவுரை

அவ்வுரிமைகள் யாவை என்பதை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதியவர் இமாம் அபூ யூஸுப் (ரஹ்) ஆவார். இஸ்லாமிய வரலாற்றின் முதல் தலைமைக் காழியான அவர் ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்தார். கலீபா ஹாரூன் அர்-ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ அடிப்படையில் வரி பற்றிய நூலாகும். எனினும் அதில் கைதிகள் பற்றி அவர் எழுதிய பகுதி தனிச் சிறப்புடையது.

அக்காலத்தில் கைதிகள் விலங்குடன் வீதிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மக்களிடம் இரந்து உண்ணும்படி விடப்பட்டனர். அபூ யூஸுப் இதனை வன்மையாகக் கண்டிக்கின்றார். பகைவர் கையில் சிக்கிய முஸ்லிம் கைதிகளைக் கூட எதிரிகள் இவ்வாறு நடத்துவார்களா என்ற தொனியில் கலீபாவிடமே அவர் வினவுகின்றார். தொடர்ந்து நடைமுறை சார்ந்த ஓர் ஒழுங்கையும் முன்வைக்கின்றார். வசதியற்ற கைதிகளுக்கு பைத்துல்மாலிலிருந்து மாதம் 10 திர்ஹம் வழங்கப்பட வேண்டும். அதனை ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக்காவலர் கைப்பற்றிக் கொள்வர். ஆகவே பணமாகவே கைதியின் கையில் சேர்க்க வேண்டும். நம்பகமான ஒருவர் கைதிகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அத்தொகையைக் கொடுக்க வேண்டும். குளிர்காலத்திற்கும் கோடைக்கும் வெவ்வேறு உடைகள் வழங்கப்பட வேண்டும். பெண் கைதிகளுக்கும் அவ்வாறே. உறவினரின்றிச் சிறையில் இறப்பவரைக் கபனிட்டு அடக்கம் செய்யும் செலவும் பைத்துல்மாலைச் சார்ந்தது.

இவ்வறிவுரைக்குச் சான்றாக, கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்தில் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கடிதம் ஒன்றை அவர் எடுத்துக்காட்டுகின்றார். நின்று தொழ முடியாதபடி எவரையும் விலங்கிடக் கூடாது, கொலைப்பழிக்கு உள்ளானவரைத் தவிர வேறெவரும் இரவில் விலங்குடன் கிடக்கக் கூடாது என்பன அக்கடிதத்தின் ஆணைகள்.

இவற்றையெல்லாம் கூறிய பின் அபூ யூஸுப் காரணத்தையும் சுட்டுகின்றார். கைதிகள் பெருகியிருப்பது அவர்களது வழக்குகள் ஆராயப்படாமையினாலேயே. ஆளுநர்கள் கைதிகளின் நிலையை நாள்தோறும் விசாரிக்க வேண்டும்; தண்டிக்கத்தக்கவரைத் தண்டித்து அனுப்ப வேண்டும்; வழக்கு இல்லாதவரை விடுவிக்க வேண்டும். வெறும் குற்றச்சாட்டை நம்பி எவரையும் சிறையில் தள்ளக்கூடாது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் விசாரணைக் கைதிகள் நிறைந்த சிறைகளைக் காணும் நமக்கு இவ்வரிகள் புதியனவாகவே தோன்றுகின்றன.

பதிவேடும் காலவரையும்

கைதியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுதல் அபூ யூஸுபோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 261இல் மறைந்த அல்-கஸ்ஸாபின் ‘அதபுல் காழி’ போன்ற நூல்கள், புதிதாகப் பதவியேற்கும் காழி முதலில் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்றாகச் சிறையைக் குறிப்பிடுகின்றன. அவர் நம்பகமானவர்களைச் சிறைக்கு அனுப்பி, உள்ளே இருப்பவர் யார், யாருடைய வழக்கில், என்ன காரணத்திற்காக அடைக்கப்பட்டனர் என்பதை எழுதிவரச் செய்வார். பின் ஒவ்வொரு கைதியையும் அவரது வழக்காளியோடு நேரில் அழைத்து விசாரிப்பார். வழக்காளி எவரும் இல்லாத கைதி பற்றி ஊரில் முரசறைந்து அறிவிக்கப்படும். அதன் பின்னும் எவரும் முன்வராவிடில் பிணையுடன் விடுவிக்கப்படுவார். முந்தைய காழி அடைத்தார் என்பது மட்டும் ஒருவரைத் தொடர்ந்து அடைத்துவைக்கப் போதிய காரணமாகாது.

காலத்தின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடுகள் நிலவின. அல்-மாவர்தீ (ரஹ்) தமது ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில், விசாரணைக்காகத் தடுத்துவைப்பதற்கு ஒரு மாதமும், திருத்தும் நோக்கிலான சிறைக்கு ஆறு மாதமும் எல்லையாகும் என்ற ஷாபிஈ அறிஞர் அஸ்-ஸுபைரீயின் கருத்தைப் பதிவு செய்கின்றார். ஷாபிஈ அறிஞர் பலர் தஃஸீருக்கான சிறை ஓராண்டை எட்டக் கூடாது என்றனர். ஹனபிகளோ பல குற்றங்களுக்கு, குற்றவாளி திருந்தியமைக்கான அடையாளம் வெளிப்படும் வரை என்று கூறினர். ஹனபிகளின் இவ்விதி முகலாய நிர்வாகத்திலும் எதிரொலித்தது. 1672இல் குஜராத்தின் திவானுக்கு அவுரங்கசீப் அனுப்பிய பர்மானில் பல குற்றங்களுக்கு இத்தகைய சிறையே விதிக்கப்பட்டிருந்தது.

இங்கு நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருந்தும் வரை என்ற விதியின் நோக்கம் உயர்ந்தது; திருந்தியவனை ஒரு நாளும் கூடுதலாக அடைத்துவைக்கக் கூடாது என்பதே அதன் உட்கருத்து. எனினும் ஒருவன் திருந்திவிட்டான் என்று கூற வேண்டியவர் அதிகாரியே. காழியின் பதிவேடு முறையாகப் பேணப்படாத இடத்தில், எல்லையற்ற சிறைக்கு அவ்விதி வாயிலாகி விடுகின்றது. நான்காவது வினாவுக்குத் தீர்ப்பில் விடை இல்லாமற் போனதன் விளைவு இது.

சட்ட அறிஞர்களுள் சிலர் இவ்வாபத்தைத் தம் அனுபவத்திலேயே கண்டவர்கள். காழிப் பதவியை மறுத்தமைக்காக இமாம் அபூஹனீபா (ரஹ்) சிறையிடப்பட்டார். ஹனபி மத்ஹபின் பெருநூலான ‘அல்-மப்ஸூத்’தின் பெரும்பகுதியை அஸ்-ஸரக்ஸீ (ரஹ்) சிறையிலிருந்தே மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்தார். இப்னு தைமிய்யா (ரஹ்) 1328இல் திமிஷ்க் கோட்டையில் கைதியாகவே மறைந்தார்.

கடனாளியின் சிறை

அபராதத்தைக் கட்ட இயலாதவனின் நிலையைப் புரிந்துகொள்ள, கடனாளி பற்றிய பிக்ஹ் விதிகளை நோக்குதல் பயனுடையது. வசதியிருந்தும் கடனைத் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநீதி என்பதும், அத்தகையவர் தண்டனைக்குரியவர் என்பதும் ஹதீஸ்களின் கருத்தாகும். மறுபுறம், கடனாளி கஷ்ட நிலையில் இருப்பின் வசதி ஏற்படும் வரை அவருக்கு அவகாசம் அளிக்குமாறு அல்குர்ஆன் (2:280) பணிக்கின்றது.

இவ்விரண்டையும் இணைத்து ஹனபி அறிஞர்கள் ஒரு நடைமுறையை வகுத்தனர். கடனாளி இழுத்தடிப்பவர் எனத் தெரிந்தால் காழி அவரைத் தடுத்துவைப்பார். இரண்டு அல்லது மூன்று மாதங்கள் கடந்த பின் அவரது நிலையை அயலாரிடம் விசாரிப்பார். அவரிடம் எதுவும் இல்லை என்பது தெளிவானால் விடுவிப்பார். அதாவது, இச்சிறை மறைத்துவைத்த பணத்தை வெளிக்கொணர்வதற்கான ஒரு வழியே அன்றி, கொடுக்காத பணத்திற்கு ஈடாகக் கழிக்கப்படும் நாட்கள் அன்று. அதனால் கடன் தீர்வதுமில்லை, வறுமை குற்றமாவதுமில்லை. சிறைக்கு ஒரு நோக்கம் இருந்தது; அது நிறைவேறாது எனத் தெரிந்த கணமே சிறை முடிவடைந்தது.

அபராதம்: ஒரு நீண்ட கருத்து வேறுபாடு

சிறையைக் காட்டிலும் அபராதம் குறித்தே அறிஞர்கள் அதிகம் தயங்கினர். தஃஸீராக ஒருவரது பணத்தை எடுத்தல் கூடும் என்பது அபூ யூஸுபின் கருத்து. இமாம் அபூஹனீபாவும் இமாம் முஹம்மதும் அதனை ஏற்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களும் மறுத்த தரப்பிலேயே நின்றனர்.

அனுமதித்தோர் காட்டும் முன்னுதாரணங்களுள் ‘முவத்தா’வில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. ஹாதிப் என்பாரின் அடிமைகள் முஸைனா குலத்தைச் சேர்ந்த ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். அவர்களது கைகளைத் துண்டிக்குமாறு முதலில் உத்தரவிட்ட உமர் (ரழி) அவர்கள், பின்னர் சிந்தித்து, எஜமானர் அவர்களைப் பட்டினி போட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தண்டனை அடிமைகளை விட்டு எஜமானரின் பக்கம் திரும்பியது. ஒட்டகத்தின் பெறுமதி 400 திர்ஹம் என்று அதன் உரிமையாளர் கூற, 800 திர்ஹம் கொடுக்குமாறு எஜமானருக்குக் கட்டளையிட்டார்கள். இங்கு அபராதம் வசதியுள்ளவர் மீது விழுந்தது என்பதும், அது அரசாங்கத்திற்கன்றி இழப்புற்றவருக்கே சென்றது என்பதும் நம் கவனத்திற்குரியன. மரத்திலிருந்து கனியைத் திருடிச் செல்பவர் இரு மடங்கு ஈடு செய்ய வேண்டும் என்ற ஹதீஸையும் சேர்த்து, இப்னு தைமிய்யாவும் இப்னுல் கையிமும் பொருளாதாரத் தண்டனையை ஆதரித்து எழுதினர்.

மறுத்தோரின் அச்சம் வேறு திசையிலிருந்து எழுந்தது. அபூ யூஸுபின் கருத்துக்குப் பிற்கால ஹனபிகள் சிலர் கொடுத்த விளக்கம் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. குற்றவாளி திருந்தும் வரை பணத்தைத் தடுத்துவைத்துப் பின்னர் அவரிடமே திருப்பிக் கொடுப்பதையே அது குறிக்கும். ஆட்சியாளர் தமக்கோ பைத்துல்மாலுக்கோ எடுத்துக்கொள்வதை அன்று என்றனர். 1836இல் மறைந்த திமிஷ்க் நகரின் இப்னு ஆபிதீன் (ரஹ்), இக்கருத்தைக் கொண்டு பத்வா வழங்கினால் கொடுங்கோலர் மக்களின் பொருளைப் பறித்து உண்ண வழி திறக்கப்படும் என எச்சரிக்கும் முன்னோரின் கூற்றைப் பதிவு செய்கின்றார். தண்டிப்பவருக்கே தண்டனையால் வருமானம் கிடைக்குமாயின் அவர் நீதிபதியாக நீடிக்க இயலாது என்பதே இவ்வெச்சரிக்கையின் சாரம்.

உஸ்மானியரின் கானூன்

நடைமுறையில் அபராதம் தவிர்க்கப்படவில்லை. உஸ்மானிய சுல்தான்களின் கானூன் நாமாக்களில் அபராதம் முக்கிய இடம் பெற்றது. 1520 முதல் 1566 வரை ஆண்ட சுல்தான் சுலைமானின் காலத்துக் கானூன் சில குற்றங்களுக்கு அபராதத்தைக் குற்றவாளியின் வசதிக்கேற்பப் படிநிலைப்படுத்தியது. 1,000 அக்சாவும் அதற்கு மேலும் உடையவருக்கு 300 அக்சா. 600 அக்சா உடையவருக்கு 200. 400 அக்சா உடையவருக்கு 100. அதனினும் வறியவருக்கு இன்னும் குறைவு. கசையடிகளோடு சேர்த்து, இத்தனை அடிக்கு ஓர் அக்சா என்ற கணக்கும் இருந்தது. வருமானத்தை அளவாகக் கொண்டு நாளபராதம் விதிக்கும் முறையை 1921இல் பின்லாந்து சட்டமாக்கியது. அதன் அடிப்படைச் சிந்தனை உஸ்மானியரின் ஏட்டில் ஏற்கெனவே காணப்படுகின்றது.

எனினும் இப்னு ஆபிதீன் பதிவு செய்த அச்சம் இங்கு மெய்யாயிற்று. அபராதத் தொகைகள் பெரும்பாலும் ஸிபாஹிகள், ஸுபாஷிகள் போன்ற உள்ளூர் அதிகாரிகளின் வருமானமாக இருந்தன. எனவே காழியின் தீர்ப்பு இன்றியே பணம் பறிக்கும் வழக்கம் பரவியது. காழியிடம் குற்றம் நிரூபிக்கப்பட்டு, அவர் ஆவணம் வழங்கிய பின்னரே அபராதம் அறவிடப்பட வேண்டும் என்று அரசாணைகள் மீண்டும் மீண்டும் வலியுறுத்தின. ஓர் ஆணை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்படுகின்றதெனில் அது மீறப்பட்டு வந்தது என்பதே பொருள்.

வங்காளத்தில் ஏற்பட்ட மாற்றம்

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் ஆட்சியைக் கைப்பற்றியபோது, குற்றவியல் துறையில் நடைமுறையிலிருந்தது ஹனபி சட்டமே. கம்பெனியார் அதனை உடனடியாக நீக்கவில்லை. ஆங்கில நீதிபதி விசாரிப்பார். அவருடன் அமர்ந்திருக்கும் முஸ்லிம் சட்ட அதிகாரி வழக்கின் பதிவைக் கேட்டு பத்வா எழுதுவார். அதன் அடிப்படையில் தண்டனை அமையும். 1802 முதல் சென்னை மாகாணத்திலும் பவுஜ்தாரி அதாலத் எனும் உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் கீழ் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே தமிழகத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குற்றவாளிகள் பத்வாவின் துணையுடனேயே தண்டிக்கப்பட்டனர்.

வடிவம் நீடித்தது, உள்ளடக்கம் படிப்படியாக மாறியது. 1790இல் கார்ன்வாலிஸ் பிரபு ஸதர் நிஸாமத் அதாலத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றி, கொலையில் கருவியை விட நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்ளுமாறு பணித்தார். கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கிருந்த மன்னிக்கும் உரிமையும் செயலிழந்தது. 1791இல் உறுப்புத் துண்டிப்பு நிறுத்தப்பட்டது. பத்வா இரு உறுப்புக்களைத் துண்டிக்கச் சொன்னால் 14 ஆண்டு கடுங்காவல், ஓர் உறுப்பெனில் 7 ஆண்டு கடுங்காவல் என்று ஒரு மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது. உடலில் விழுந்த தண்டனை இவ்வாறு காலத்தின் மீது விழத் தொடங்கியது. சிறை இந்தியக் குற்றவியல் சட்டத்தின் மையமாக மாறியது இவ்வேளையிலேயே எனலாம்.

நமது தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது 1797இன் மாற்றம். தவறுதலாகவோ அதனையொத்த முறையிலோ உயிர்ச்சேதம் விளைவித்தவர்களுக்குச் சட்ட அதிகாரிகள் தியத்தையே விதித்தனர். ஹனபி சட்டப்படி முழு தியத் 10,000 திர்ஹம். ஒரு சாதாரண விவசாயியால் அதனைக் கட்ட இயலுமா? கட்ட இயலாதோர் சிறையிலேயே கிடந்தனர். அவர்களது சிறைக்கு முடிவு எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. 1797இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதி, தியத் கட்ட இயலாமல் அடைபட்டிருந்தோருக்கு நிவாரணம் அளித்து, தியத்துக்குப் பதிலாகக் காலவரையுள்ள சிறையை விதிக்க வழி செய்தது.

ஆங்கிலேய ஆசிரியர்கள் இதனை இஸ்லாமிய சட்டத்தின் குறைபாட்டுக்குச் சான்றாகக் காட்டினர். நாம் இதனைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். பிக்ஹின்படி தவறுதலான கொலைக்குரிய தியத்தைச் செலுத்த வேண்டியவர் குற்றவாளி மட்டுமல்லர். ‘ஆகிலா’ எனப்படும் அவரது உறவினர் அல்லது தொழிற்குழுவினரும் ஆவர். அத்தொகை மூன்று ஆண்டுகளில் செலுத்தப்படும். ஹனபிகளின் கணக்கில் தலைக்கு 3 அல்லது 4 திர்ஹத்திற்கு மேல் எவரிடமும் பெறலாகாது. பெருஞ்சுமையைப் பலர் தோளில் பகிர்வதே தியத்தின் அமைப்பாகும். ஆகிலா அற்ற சமூகத்தில், தனியொரு மனிதனிடம் முழுத்தொகையையும் கேட்டு, அதற்காக அவனைக் காலவரையின்றி அடைத்துவைப்பது தியத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உயிரை நீக்கிவிடுவதாகும். கடனாளியின் வறுமை தெளிவானதும் அவனை விடுவிக்க வேண்டும் என்ற விதியும் இங்கு மறக்கப்பட்டிருந்தது. 1797இன் ஒழுங்குவிதி அம்மனிதர்களுக்கு ஒரு முடிவைக் கொடுத்தது என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் இழப்புற்ற குடும்பத்திற்குச் சேரவேண்டிய ஈடு, அத்துடன் அரசாங்கத்தின் சிறையாக உருமாறியது என்பதையும் மறக்கலாகாது.

1860இன் வடிவம்

1832இல் முஸ்லிமல்லாதோர் தம் மீது இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் பிரயோகிக்கப்படுவதிலிருந்து விலக்குப் பெற வழி செய்யப்பட்டது. 1837இல் மெக்காலேயின் தலைமையிலான ஆணைக்குழு தண்டனைச் சட்ட வரைவைச் சமர்ப்பித்தது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவி 1864இல் நீக்கப்பட்டது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இதே மாதிரியைத் தழுவியது.

இச்சட்டத்தின் 63 முதல் 70 வரையான பிரிவுகள் அபராதத்தின் வடிவத்தைத் துல்லியமாக வரையறுத்தன. எல்லை குறிக்கப்படாத இடத்தில் அபராதம் மிகையாக இருத்தலாகாது. சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமெனில், அபராதம் கட்டாமைக்கான கூடுதல் சிறை அக்குற்றத்திற்குரிய உச்சச் சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமெனில், 50 ரூபாய் வரை 2 மாதம், 100 ரூபாய் வரை 4 மாதம், அதற்கு மேல் 6 மாதம் என்பதே எல்லை. தொகையைக் கட்டிய கணத்தில் சிறை முடியும். ஒரு பகுதியைக் கட்டினால் அதற்கேற்ப நாட்கள் குறையும். நான்கு வினாக்களுக்கும் விடை கூறும் தெளிவான வடிவம் இது. திருந்தும் வரை என்பதன் இடத்தில் ஒரு தேதி வந்தது. அது பெரும் முன்னேற்றமே.

ஆனால் ஒரு வினா விடுபட்டுப் போயிற்று. குற்றவாளி கட்ட இயலாதவரா, கட்ட மறுப்பவரா? இவ்விருவரையும் வேறுபடுத்திய ஹனபி காழியின் விசாரணைக்கு இப்பிரிவுகளில் இடமில்லை. ரூபாய்க்கு இத்தனை நாள் என்ற கணக்கில் வறுமையும் அடங்கிவிட்டது. அக்கணக்கும் காலத்தோடு நகரவில்லை. 1860இல் குறிக்கப்பட்ட 50 ரூபாயும் 100 ரூபாயும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாறே நின்றன. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவே அவற்றை 5,000 ரூபாய், 10,000 ரூபாய் என உயர்த்தியது. அதேவேளை அதற்கு மேற்பட்ட அபராதத்திற்கான உச்சச் சிறையை 6 மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டியது. சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையை ஒரு தண்டனையாக அறிமுகம் செய்ததும் இச்சட்டமே.

இடைக்காலத்தில் நீதிமன்றங்கள் இவ்விடைவெளியை உணரத் தொடங்கின. அபராதம் கட்டாமைக்கான சிறை உண்மையில் ஒரு தண்டனை அன்று, பணம் செலுத்தாமையால் நேரும் ஒரு விளைவே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவுபடுத்தியது. வறியவர் மீது அதனை விதிக்கும்போது அவரது நிலையைக் கருத்திற்கொள்ளுமாறும் அறிவுறுத்தியது. கட்ட முயன்றும் இயலாதவரை அக்காரணத்திற்காகவே சிறையிடலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. அபராதமோ பிணைத்தொகையோ கட்ட இயலாமல் சிறையிலிருக்கும் ஏழைகளுக்கு உதவும் திட்டமொன்றை இந்திய அரசு 2023இல் தொடங்கியது. பைத்துல்மாலிலிருந்து கைதிக்குப் பங்கு கேட்ட அபூ யூஸுபின் குரல் இத்திட்டத்தைக் காணும்போது நம் நினைவுக்கு வருகின்றது.

முடிவாக

இவ்வரலாற்றில் எத்தரப்பும் முழுவெற்றி பெறவில்லை. பிக்ஹ் அறிஞர்கள் வறியவனை இனங்கண்டு விடுவிக்கும் வழியை வகுத்தனர். அபராதத்தால் ஆட்சியாளர் கொழுப்பதை முன்னுணர்ந்து எச்சரித்தனர். ஆனால் தஃஸீர் சிறைக்கு உறுதியான இறுதி நாளை அனைவரும் குறிக்கவில்லை. நவீன சட்டம் இறுதி நாளைக் குறித்தது. வறியவனை இனங்காண மறந்தது. ஒன்றிடம் இருப்பதை மற்றொன்றிடமிருந்து கற்றுக்கொள்வதில் இழிவேதும் இல்லை.

நம் ஜமாஅத்துகளின் முன்னும் ஒரு வினா நிற்கின்றது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுத் தரப்பினருள் கடனாளிகளும் (9:60) அடங்குவர். பாவத்தின் காரணமாகக் கடன்பட்டவரும் திருந்திவிட்டால் அதிலிருந்து பெறலாம் என்பது ஷாபிஈ அறிஞர்களின் ஏற்புடைய கருத்து. தண்டனைக் காலம் முழுவதையும் கழித்து முடித்து, அபராதத் தொகைக்காக மட்டுமே இன்னும் உள்ளே இருக்கும் ஒருவரை இவ்விதியின் கீழ் கொண்டுவரலாமா என்பதை உலமாக்கள் ஆராய்ந்து கூற வேண்டும். அவ்வாய்வுக்கு முன் செய்யத்தக்க எளிய பணி ஒன்றுண்டு. நம் ஊருக்கு அருகிலுள்ள சிறையில் அத்தகையோர் எத்தனை பேர், அவர்களது பெயர் என்ன, எவ்வளவு தொகைக்காக இருக்கின்றனர் என்பதை நம்பகமான ஒருவர் ஓர் ஏட்டில் எழுதிவருதல். அல்-கஸ்ஸாபின் காழி பதவியேற்றதும் முதலில் செய்தது அதுவே.